காற்று திறக்கும் முன்

“மச்சான், காத்து விடுங்க!” என்று கையை உயர்த்தினார் மாப்பிள்ளை. கம்ப்ரசர்காரரின் கை வால்வின் மேல்தான் இருந்தது. திருகவில்லை.

காற்று வரும் ஹோஸும் பாறை துளைக்கும் ட்ரில்லும் சேருகிற கப்ளிங்கில், அதைப் பூட்டுகிற இரும்புப் பின் பாதிதான் ஏறியிருந்தது. அடிப்பக்கத்திலிருந்து தள்ளிச் செருக வேண்டிய பின் அது. ட்ரில்லின் மேல் குனிந்திருப்பவர் கண்ணில் படாது, ஏறிவிட்டதா என்று விரல்தான் சொல்ல வேண்டும். கீழே பள்ளத்தில் நின்ற கம்ப்ரசர்காரருக்கோ நன்றாகவே தெரிந்தது. இந்த லட்சணத்தில் காற்றைத் திறந்தால் கப்ளிங் பிய்த்துக்கொண்டு ஹோஸ் சுழற்றி அடிக்கும். போன வாரம் இதே குவாரியில், பக்கத்துப் பாறையில் ஒருவருடைய முழங்கால் அப்படித்தான் போயிற்று. அதனால்தான் இன்று சேஃப்டி சார் வந்திருக்கிறார். ஒவ்வொரு ட்ரில்காரரும் அவர் கண்ணெதிரே தானே பூட்டிக் காட்ட வேண்டும், யாரும் கை கொடுக்கக் கூடாது. தேறாதவர் நாளையிலிருந்து ட்ரில்லைத் தொடக் கூடாது.

சும்மா சொல்லக் கூடாது, மற்றதையெல்லாம் மாப்பிள்ளை அழகாகத்தான் செய்தார். ஹோஸின் வாயை ஆளில்லாத பக்கம் திருப்பி, கொஞ்சம் காற்று விடச் சொல்லித் தூசியை ஊதித் தள்ளினார். எண்ணெய் ஊற்றினார். கம்பியைப் பொருத்தி ஆட்டிப் பார்த்தார். பதினேழு வருடப் பழக்கம் அது. ஆனால் அந்தப் பதினேழு வருட ட்ரில் உதறலும் கையில் ஏறி, விரல் நுனியெல்லாம் வெளுத்து மரத்துப்போயிருந்தது.

மாப்பிள்ளையைக் கட்டிய தங்கை ஒருநாள் கம்ப்ரசர்காரர் வீட்டு வாசல் வரை வந்து சொன்னாள். “அண்ணே, கொதிக்கிற சட்டியத் துணி இல்லாமத் தூக்குறாரு. சுடலையான்னு கேட்டா சிரிக்கிறாரு. நீதான் பாத்துக்கணும்.”

அவரும் பார்த்துக்கொண்டார். தினமும் காலையில் எண்ணெய் பார்க்கிற சாக்கில் போய், கட்டை விரலால் பின்னை ஓர் அழுத்து அழுத்திவிட்டு வருவார். ஏழு மாதமாக இந்தத் திருட்டு வேலை. மாப்பிள்ளைக்குத் தெரியுமோ தெரியாதோ, இரண்டு பேரும் அதைப் பற்றி மூச்சு விட்டதில்லை. தான் அன்றைக்கே வாயைத் திறந்திருந்தால், விரலில் கொஞ்சமாவது உணர்ச்சி இருக்கும்போதே மாப்பிள்ளை வேறு வேலைக்குப் போயிருப்பார். பெரிய உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு மனிதரை முழுசாகக் கெடுத்துவிட்டோமே என்று இப்போதுதான் உறைத்தது.

“என்னய்யா, நின்னுக்கிட்டே தூங்குறியா?” என்றார் சேஃப்டி சார்.

“வால்வு இறுகிப்போச்சு சார்.”

பொய் சொல்லத் தெரியாதவர் சொன்ன பொய். சார் இறங்கி வந்து வால்வில் கை வைத்தார். அது வெண்ணெய் மாதிரி வழுக்கித் திரும்பப் போனது. கம்ப்ரசர்காரர் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“வேணாம் சார்! பின் ஏறல!”

கம்ப்ரசர் இரைச்சலையும் மீறி அது மேலே கேட்டது. மாப்பிள்ளை உயர்த்திய கையை மெதுவாக இறக்கினார். அவர் கப்ளிங்கைப் பார்க்கவில்லை, மச்சானைத்தான் பார்த்தார். கோபித்திருந்தால் கூடத் தாங்கியிருக்கலாம், அந்தப் பார்வையில் கோபமே இல்லை.

சார் கெட்டவரல்ல. மேலே ஏறிப் போய், “பரவால்ல, உருவிட்டு இன்னொரு தடவ மாட்டுங்க” என்றார்.

மாப்பிள்ளை பின்னை உருவினார். அது விரலிடுக்கில் நழுவிக் கல்தூசியில் விழுந்து புதைந்தது. “ஒரு நிமிஷம் சார்” என்று மண்டியிட்டார். கம்ப்ரசர்காரர் ஓரடி எடுத்து வைத்தார். சார் அங்கிருந்தே கையை நீட்டி நிறுத்தினார். “நீ வால்வ விட்டு நகராத. அவரே எடுக்கட்டும்.”

மாப்பிள்ளை குனிந்து பார்க்கவில்லை. பார்த்துத் தேடினால் விரல் மரத்துப்போன கதை வெளியே வந்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ, சாரின் முகத்தைப் பார்த்துச் சிரித்தபடியே தரையைத் துழாவினார்.

“இங்கதான் சார் இருக்கு. இங்கதான்.”

அவருடைய உள்ளங்கை தூசியை விலக்கியது. பின்னின் வளையம் வெயிலில் மின்னியது. ஆள்காட்டி விரல் அதன் மேல் பட்டது, அதை ஒருமுறை உருட்டியது, பிறகு அதைத் தாண்டி மேலும் தேடிக்கொண்டு போனது.