ஐம்பத்தேழு தடவை டொக்

1

இந்தக் கதை பிறந்ததற்குக் காரணம் கலை ஆர்வம் அல்ல, எனக்குக் கார் ஓட்ட வராததுதான். வட ஜெர்மனியில் ஹில்மர்ஃபேன் என்ற சிற்றூருக்குக் குடிவந்த புதிதில் ஓட்டுநர் தேர்வில் மூன்று தடவை தோற்றேன். நான்காவது தடவைக்கு ஐலர்ட் என்ற பயிற்சியாளரிடம் போய்ச் சேர்ந்தேன். ஒருநாள் கார் வானொலியில் அந்தப் பாட்டு வந்தது. எந்தப் பாட்டு என்று இந்த ஊரில் யாரும் கேட்கமாட்டார்கள். நான் ஸ்டீயரிங்கில் தாளம் போட்டேன். ஐலர்ட் கையை நீட்டி வானொலியை அணைத்தார்.

"ஏன், நல்ல பாட்டுதானே?" என்றேன்.

"கண்ணாடியைப் பாருங்க" என்றார்.

கதையை முதலில் இப்படித் தொடங்கினேன்: "மூடுபனி மெல்லக் கலையும் அந்த வடக்கத்திச் சிற்றூரின் மௌனத்தில், காலம் தன்..."

காலம் தன் எதை என்ன செய்தது என்று எனக்கே தெரியவில்லை. விட்டுவிட்டேன்.

2

1982. ஐலர்ட், ஹாப்போ, மென்னோ என்று மூன்று இளைஞர்கள். தீயணைப்பு வண்டி நிற்கும் கொட்டகையில் பயிற்சி. ஐலர்ட் பேஸ் கிட்டார் வாசித்தார், மென்னோ ஒற்றை டிரம் அடித்தார், ஹாப்போ பாடினார். யாரும் கொடுக்காத தலைமைப் பதவியும் ஹாப்போவிடம் இருந்தது. குழுவின் பெயர் 'ரெஸ்ட்'. அதை ஆங்கிலமாகப் படித்து, இவர்கள் ஓய்வெடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்ட நாடுகள் உண்டு. ஜெர்மனில் அதற்கு மிச்சம் என்று பொருள்.

குழுவுக்கு ஒரே விதி: எதையாவது எடுத்துப் பார், குறை தெரியாவிட்டால் அது தேவையில்லை. முதலில் கிட்டார் தனி வாசிப்பை எடுத்தார்கள். பிறகு சரணங்களை எடுத்தார்கள். பிறகு மெட்டையும் எடுத்தார்கள். பத்திரிகைகள் இதை எளிமையின் புரட்சி என்று எழுதின. மூன்று சுரத்துக்கு மேல் வாசிக்க வராததற்கு இதைவிடக் கௌரவமான பெயர் கிடைத்திருக்காது.

3

(இங்கே வட ஜெர்மனியின் வானத்தைப் பற்றி ஒன்றரைப் பக்கம் இருந்தது. எடுத்துவிட்டேன். உங்களுக்குக் குறை தெரிந்ததா? அதுதான் விதி.)

4

ஹாப்போவுக்கு ஒரு பழக்கம், பயிற்சி முடியும்வரை டேப் ரிக்கார்டரை ஓடவிடுவது. ஒரு வியாழக்கிழமை மாலை அது ஓடிக்கொண்டிருந்தபோது பேச்சு இப்படிப் போயிற்று.

"டேய் ஐலர்ட், நேத்து நீ வர லேட்டாச்சுல்ல? நீ இல்லாமலே வாசிச்சுப் பார்த்தோம்டா. நீ இல்லாதது தெரியவே இல்லை" என்றார் ஹாப்போ.

"டொக்" என்றார் ஐலர்ட்.

"நிஜமாவே தெரியலைடா."

"டொக்."

"கேக்குறவன் ஒருத்தனும் கண்டுபிடிக்க மாட்டான்."

"டொக்."

கதவு தட்டுகிற சத்தம் போல இருக்கிறதே என்று நினைக்காதீர்கள்.* அது ஒரு சொல். ஒருவர் 'இல்லை' என்றால், அந்த இல்லையையே இல்லை என்று சொல்லும் சொல். "நீ வரலை" என்பவரிடம் "வந்தேனே" என்று இழுப்போம் அல்லவா, அந்த 'ஏ' மட்டும் தனியாகக் கழன்று வந்து நின்றால் எப்படி இருக்கும், அதுதான்.

அன்றைக்கு மென்னோவுக்குச் சலிப்பு. அவர்கள் சண்டை போட்டபோது டிரம்மைத் தட்டிக்கொண்டே இருந்தார். ஐலர்ட் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியேறினார், பிறகு குழுவுக்குத் திரும்பவில்லை. மற்ற இருவரும் டேப்பைப் போட்டுக் கேட்டார்கள். சண்டைக்கு நல்ல தாளம் அமைந்திருந்தது. விதிப்படி சண்டையை எடுத்துவிட்டு 'டொக்' மட்டும் வைத்துக்கொண்டார்கள். ஐலர்டின் குரலை எடுத்துவிட்டு ஹாப்போ அதைப் பாடினார், ஐம்பத்தேழு தடவை. பொருள் ஒன்றும் தெரியாமல் முப்பது நாடுகள் ஆடின.

* தமிழ் எழுத்தில் இதற்குமேல் நெருங்க முடியாது. தொண்டையில் கொஞ்சம் காறிக்கொண்டு படியுங்கள்.

5

இங்கே ஒரு சந்தேகம் கேட்கலாம். இந்த ஐலர்ட் நம்பத் தகுந்தவரா? ஒரு சொல்லைப் பறிகொடுத்ததற்காக நாற்பது வருடம் மனம் நோகிறவர் உண்டா? பணம் கேட்டிருந்தால் இது வழக்காகப் போயிருக்கும், நான் கதை எழுதவேண்டிய வேலையே இல்லை. அவர் கேட்கவில்லை.

பிரச்சினை வேறு. அந்தச் சொல் இல்லாமல் ஜெர்மனில் ஒருநாள்கூட ஓட்ட முடியாது. அவர் வாயைத் திறந்து அதைச் சொன்னால் எதிரில் இருப்பவர் பாட ஆரம்பித்துவிடுகிறார். மாணவர்கள் பாடினார்கள், பல் மருத்துவர் பாடினார், அவருடைய கல்யாணத்தில் பாதிரியார்கூட லேசாக இடுப்பை ஆட்டினார். அதனால் சொல்வதையே நிறுத்திவிட்டார். மனைவி வீப்கே "இன்னொரு கப் டீ வேண்டாமா?" என்று கேட்டால் கோப்பையை முன்னால் தள்ளுவார். தன் வாயிலிருந்து போன சொல்லை ஊரே வைத்திருக்க, தான் மட்டும் அதைச் சொல்ல முடியாமல் வாழ்ந்தார். எனக்கு இது சிரிப்பாகத்தான் இருக்கிறது, முழுசாகச் சிரிக்க வரவில்லை என்பதையும் மறைக்கவில்லை.

6

பாட்டின் நாற்பதாவது ஆண்டுக்கு, அந்தக் கொட்டகைச் சுவரில் பித்தளைப் பலகை பதிப்பது என்று நகராட்சி முடிவு செய்தது. 'ரெஸ்ட் இசைக்குழு இங்கே பிறந்தது. ஹாப்போ, மென்னோ.' இரண்டே பெயர்.

"பாட்டு காத்தோட போயிரும். பித்தளை போகாது. போய்க் கேளுங்க" என்றாள் வீப்கே.

"கேட்டு வாங்குறதா?"

"கேக்காம நாப்பது வருஷமா என்னத்தை வாங்கினீங்க?"

கடைசியில் அவளே ஹாப்போவைத் தேநீருக்கு அழைத்தாள். (மென்னோ ஸ்பெயினில் இருக்கிறார். விதிப்படி குழுவிலிருந்து தன்னைத் தானே எடுத்துவிட்டவர்.) நடந்ததை வீப்கே சொல்லித்தான் எழுதுகிறேன். சோடனை என்னுடையது.

"பேரைப் போடலாம்டா. ஆனா பலகை நீளமாயிரும். நம்ம பாணிக்கு ஒத்துவராது" என்றார் ஹாப்போ.

"உங்க பாணியில இன்னும் ஒரு பேரை எடுத்துப் பாருங்களேன்" என்றாள் வீப்கே.

ஐலர்ட் மெதுவாகக் கேட்டார்: "பலகை வேண்டாம். அது யாரோட வார்த்தைன்னு மேடையில ஒரு தடவை சொல்லிடு. அது போதும்."

எங்கள் ஊரில் தேநீருக்குப் போடும் கற்கண்டுக் கிண்ணத்தை ஹாப்போ தன் பக்கம் இழுத்தார். "சொல்றேன்டா. சத்தியமா சொல்றேன்" என்றார். சொல்லிவிட்டு, முதல் கோப்பை முடிந்த உடனே கரண்டியைக் கோப்பைக்குள் வைத்துவிட்டார். எங்கள் ஊரில் அப்படி வைத்தால் போதும் என்று பொருள். மூன்றாவது கோப்பைக்கு முன்னால் அப்படிச் செய்வது கன்னத்தில் அறைவதற்குக் கொஞ்சம்தான் குறைச்சல். வீப்கே அதைக் கவனித்தாள். ஐலர்ட் கவனிக்கவில்லை, அல்லது கவனிக்காத மாதிரி இருந்தார்.

7

(ஹாப்போவை வில்லனாக்கும் பத்தி இங்கே வரவேண்டும். எழுதிப் பார்த்தேன்: "அவருடைய கண்களில் ஒரு நயவஞ்சக" இல்லை. அவர் கண்ணில் வெறும் புரைதான் இருக்கிறது. புகழ் போய்விடுமோ என்ற பயமும் கொஞ்சம். விட்டுவிடுவோம்.)

8

சனிக்கிழமை பதினொரு மணி, பலகைத் திறப்பு விழா. முந்நூறு பேர், வறுத்த தொத்திறைச்சி வாசனை, தீயணைப்புப் படையின் பேண்டு வாத்தியம். ஐலர்ட் முதல் வரிசையில் கோட்டு போட்டு உட்கார்ந்திருந்தார். ஹாப்போ பேசினார். எளிமை பற்றி இருபத்தைந்து நிமிடம் பேசினார். தன் அம்மாவுக்கு நன்றி சொன்னார், மென்னோவுக்கு நன்றி சொன்னார், கொட்டகையின் கூரைக்கும் நன்றி சொன்னார். உட்கார்ந்தார்.

ஐலர்டின் காது மடல் சிவந்தது. வீப்கே அவர் கையைப் பிடித்தாள்.

நகரத் தலைவி பெட்ரா ஆல்ரிக்ஸ் நல்ல பெண்மணி, யாரையும் விட்டுவிடக் கூடாது என்று நினைப்பவர். மைக்கோடு கீழே இறங்கி வந்தார்.

"நம்ம டிரைவிங் மாஸ்டரும் வந்திருக்காரு, பாருங்க. அந்தக் காலத்துல நீங்களும் இந்தக் கொட்டகைப் பக்கம் சுத்துவீங்களாமே? ஆனா குழுவுல இல்லைதானே, ஐலர்ட்?"

மைக்கை அவர் வாயருகே நீட்டினார்.

யோசித்துப் பாருங்கள். ஆமாம் என்றால், 'ஆமாம், குழுவில் இல்லை' என்று ஆகும். இல்லை என்றாலும் இல்லை என்றுதான் ஆகும். உலகத்திலேயே ஒரே ஒரு சொல்தான் மிச்சம்.

மேடையில் ஹாப்போ தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

9

முடிவு அ: ஐலர்ட் புன்னகைத்து மைக்கைத் தள்ளிவிடுகிறார். நாகரிகமான முடிவு. இலக்கியப் பத்திரிகைகள் வாங்கிக்கொள்ளும்.

முடிவு ஆ: "நான் இருந்தேன். பேஸ் வாசிச்சேன். அந்த வார்த்தை என்னோடது" என்று முழு வாக்கியமாகச் சொல்கிறார். எங்கள் ஊரில் மைக்கில் மூன்று வாக்கியம் சொல்கிறவரை ஏதோ விற்க வந்தவர் என்றுதான் நினைப்பார்கள்.

முடிவு இ: அவர் அந்தச் சொல்லைச் சொல்கிறார். பல வருடங்களில் முதல் தடவை, சத்தம் போடாமல், முழு அர்த்தத்தோடு. முந்நூறு பேரும் மகிழ்ச்சி தாங்காமல் கைதட்டிக்கொண்டு ஐம்பத்தேழு தடவை பாடுகிறார்கள். பேண்டும் சேர்ந்துகொள்கிறது.

இவற்றில் ஒன்று நடந்தது. நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். எது என்று எழுதினால், அப்போது என் வாய் என்ன செய்துகொண்டிருந்தது என்பதையும் எழுதவேண்டி வரும். அதனால் எழுதமாட்டேன்.

மைக்கை உங்களிடம் தருகிறேன். நீங்கள் அந்தப் பாட்டைக் கேட்டதில்லை, நம் மொழியில் அந்த 'ஏ' இன்னும் கெடவில்லை. நான் நகராட்சிக் குரலில் சொல்கிறேன், நீங்கள் பதில் சொல்லுங்கள்:

ஐலர்ட் அந்தக் குழுவில் இல்லை.