பச்சை அட்டைக் கூண்டு

நெல்லைத் தின்கிற எலிக்கு வரப்பில் கிட்டி வைத்து, மாட்டியதை வாலைப் பிடித்துத் தூக்கி வருகிற ஊரில் பிறந்தவள் வேம்பு. அப்படிப்பட்டவளுக்கு எலிகளைக் குளுகுளு அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்ததும் ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. "ஏண்டி வேம்பு, எலிக்கு ஏசியாமே! அடுத்த ஜென்மத்துல எலியாத்தான் பொறக்கணும் போலருக்கு" என்று கூட நின்று நாற்று நட்டவர்கள் கேலி பேசினார்கள். பேசிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள். நடவுச் சேற்றில் நாளெல்லாம் குனிந்து நின்ற இடுப்புக்கு அல்லவா அந்த வேலையின் அருமை தெரியும்!

தஞ்சாவூருக்கு வெளியே இருந்தது அந்த ஆராய்ச்சிக் கூடம். திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்குவாள். கூண்டு கழுவுவது, கிருமி போக அவித்து உலர்த்திய உமியைப் பரப்புவது, தண்ணீர் பாட்டில் மாட்டுவது எல்லாம் அவள் பொறுப்பு. எல்லாம் வெள்ளைச் சுண்டெலிகள். அவற்றை வைத்துக் குடல் நோயை ஆராய்ந்துகொண்டிருந்தவள் தஹ்மீனா. ராஜகிரிப் பெண். பெரிய படிப்புப் படித்தவள் என்றாலும் வேம்புவை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். தன் டிபன் பாக்ஸில் பாதியை எடுத்து நீட்டாமல் சாப்பிடமாட்டாள்.

"இதுங்களுக்கெல்லாம் பெருங்குடல்ல புண்ணுக்கா" என்று ஒரு நாள் அலமாரியைக் காட்டிச் சொன்னாள். "இந்தப் புண்ணு ஆறாம வருசக்கணக்கா இருந்தா மனுசங்களுக்குப் புத்துநோயாக்கூட மாறிடும். அதை ஆத்த முடியுதான்னு ஒரு மருந்தை வச்சுப் பாக்குறோம்."

வேம்பு உமிக் கூடையைக் கீழே வைத்துவிட்டு அலமாரியைப் பார்த்தாள். ஏனென்றால் அதே நோய் அவள் வீட்டில் இருந்தது.

ஒரே மகள் தமிழ்நிலா, கல்லூரியில் இரண்டாம் வருடம். ஒரு வருடமாக அவளுக்கு ரத்தமும் சளியுமாக வயிற்றால் போய்க்கொண்டிருந்தது. பெரியாஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்து, பெருங்குடலில் புண் என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள். ரத்தம் நின்றது. ஆனால் முகம் பூசணிக்காயாக உப்பியது, முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. அந்தப் பெண் கண்ணாடி பார்ப்பதையே விட்டுவிட்டாள். "நீங்களா மாத்திரையை நிறுத்தவே கூடாது. நாங்க சொல்லச் சொல்லத்தான் கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும்" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வயதுப்பெண்ணுக்கு இப்படி ஒரு வியாதி என்று வெளியில் சொன்னால் நாளை யார் பெண் கேட்டு வருவார்கள்? வேம்பு அக்கம்பக்கத்தில் மூச்சு விடவில்லை. தஹ்மீனாவிடமும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

கூண்டுகளில் மூன்று நிறத்தில் அட்டை தொங்கியது: நீலம், மஞ்சள், பச்சை. தஹ்மீனா கலந்து வைக்கிற தண்ணீர் கேன்களிலும் அதே நிறத்தில் அட்டை. எந்த நிறத்துக்கு என்ன என்பதை அவள் யாரிடமும் சொல்வதில்லை. "தெரிஞ்சா நம்ம கண்ணே ஒரு பக்கமா சாஞ்சு பாக்கும்க்கா" என்பாள். நிறம் பார்த்து ஊற்றுவது வேம்பு. தினமும் எலியை எடை போடும்போது பிடித்துக்கொள்வதும், புழுக்கையைப் பார்த்து கெட்டியா, இளக்கமா, ரத்தமா என்று சொல்வதும் அவளே.

நீல அட்டை எலிகள் முதுகைக் கூனிக்கொண்டு மூலையில் கிடந்தன. வாலடியில் ரத்தம். அவற்றைக் கையில் எடுக்கும்போதெல்லாம் நிலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்திருப்பதுதான் வேம்புவின் கண்ணில் நின்றது. மஞ்சள் அட்டை அரைகுறை. ஒரு நாள் தேறும், மறுநாள் படுக்கும். பச்சை அட்டைக் கூண்டில் மட்டும் கொண்டாட்டம். மினுமினுவென்று மயிர், ஒன்றன்மேல் ஒன்று ஏறி விளையாட்டு. ஒரு சொட்டு ரத்தம் கிடையாது.

எல்லாவற்றுக்கும் ஒரே நோய். பச்சைத் தண்ணீர் குடித்தவை மட்டும் பிழைத்துக்கொண்டன. இதிலிருந்து ஒரு தாய் என்ன முடிவுக்கு வருவாள்? அந்த முடிவுக்குத்தான் வேம்பு வந்தாள். முட்டாள்தனம் என்று யாரும் சொல்ல வேண்டாம். அவள் பார்த்தது அத்தனையும் சரி. படித்தவர்கள் அலமாரியைக் காட்டிப் பேசும்போது எந்தத் தட்டு என்று பிரித்துச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

பச்சைக் கேனிலிருந்து ஒரு பாட்டில் பிடித்து, துண்டில் சுற்றிப் பைக்குள் ஒளித்தாள். வாழ்நாளில் அடுத்தவர் வயலில் ஒரு கதிரைக்கூட உருவாதவள் அவள். வீட்டுக்குப் போய், "தஹ்மீனா மேடம் குடுத்தாங்க. புது மருந்து. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னுட்டாங்க" என்று மகளிடம் நீட்டினாள்.

நிலா ஒரு வாய் குடித்துவிட்டு உதட்டைச் சுழித்தாள். "ஒரு ருசியுமே இல்லையேம்மா."

"நல்ல மருந்துக்கு ருசி எதுக்குடி?"

"அப்ப அந்த மாத்திரை?"

வேம்பு யோசித்தாள். இரண்டு மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால் ஒன்றை ஒன்று முறித்துவிடும் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். எலிகள் மாத்திரையா சாப்பிட்டன? "அது வேணாம். இதை மட்டும் குடி" என்றாள். நிலா எழுந்து நின்று அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அவளுக்கு அந்த மாத்திரை அவ்வளவு வெறுத்துப்போயிருந்தது.

பாட்டில் தீரத் தீர மறுபடி பிடித்து வந்தாள். அதற்கப்புறம் கொஞ்ச காலம் அந்த வீட்டில் சந்தோஷம் இருந்தது. முகத்து வீக்கம் வடிந்து, பழைய நிலா மெல்ல மெல்லத் திரும்பி வந்தாள். தோழிகளோடு தாராசுரம் கோயிலுக்குப் போய், கல் சக்கரத்துப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்து வந்தாள். அறுவடை மிஷின் ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிற அவள் அப்பா அண்ணாதுரை, போட்டோவைப் போனில் பார்த்துவிட்டு, "எம்பொண்ணா இது!" என்று அங்கிருந்தே கத்தினான். வேம்பு பச்சைக் கூண்டு எலிகளுக்கு ஒரு பிடி உமி கூடுதலாகப் போட்டாள்.

ரத்தம் திரும்ப வந்தபோது நிலா அம்மாவிடம் சொல்லவில்லை. அம்மா இவ்வளவு பாடுபட்டு வாங்கி வந்த மருந்து, கேட்டால் மனசு உடைந்துபோவாள் என்று மறைத்தாள். இன்னும் இரண்டு வாய் அதிகமாகக் குடித்துப் பார்த்தாள். சம்பா நடவு முடிந்து மழை பிடித்துக்கொண்ட சமயத்தில், காய்ச்சலில் கொதிக்க, வயிறு பானையாக உப்பி, கொல்லைப்புறத்தில் விழுந்து கிடந்தாள். ஆம்புலன்ஸில் தூக்கிப் போட்டுக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடினார்கள். குடல் பலூன்போல விரிந்திருக்கிறது, ஓட்டை விழுந்தால் ஆபத்து என்றார்கள். "மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டும் இப்படி ஆச்சா?" என்று டாக்டர் கேட்டதற்கு வேம்பு தலையை ஆட்டினாள். ஆமென்றா, இல்லையென்றா என்று அவளுக்கே தெரியவில்லை.

சேதி கேட்டு ஓடி வந்த அண்ணாதுரையைக் கட்டிலருகில் விட்டுவிட்டு ஆட்டோ பிடித்து ஆராய்ச்சிக் கூடத்துக்குப் போனாள். மழையில் நனைந்த புடவையோடு தஹ்மீனாவின் அறைக்குள் நுழைந்து, அப்படியே காலில் விழுந்தாள்.

"மேடம், நான் திருடிட்டேன். என்னை வேலையை விட்டுத் தூக்குங்க, போலீஸ்ல குடுங்க, என்ன வேணா பண்ணுங்க. பச்சைக் கேன் மருந்தை மட்டும் இன்னும் கொஞ்சம் குடுங்க. எம்பொண்ணுக்கு நான் குடுத்த அளவு பத்தல மேடம். எலி சின்னது, இவ பெரிய உருவம் இல்லையா, எனக்கு அளவு தெரியல."

தஹ்மீனா அவளைத் தூக்கி உட்கார வைத்து, ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"அக்கா... பச்சைக் கேன்ல மருந்து இல்லக்கா. அது வெறும் தண்ணி."

"தண்ணியிலதானே மருந்தைக் கலக்குறீங்க?"

"அதுல எதுவுமே கலக்கல. மருந்து மஞ்சள்ல இருந்துச்சு. அதுவும் சரியா கேக்கல."

"பொய் சொல்லாதீங்க மேடம். நான் கண்ணால பாத்தேன். பச்சைக் கூண்டு எலிங்கதானே நல்லாருக்கு? எப்படிக் குணமாச்சு அதுங்களுக்கு?"

தஹ்மீனா வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "அதுங்களுக்குக் குணமாகவே இல்லக்கா. அதுங்களுக்கு நாங்க நோவே குடுக்கல. மத்த ரெண்டுக்கும் தண்ணியில ஒரு பொடி கலந்து புண்ணை உண்டாக்குனோம். நோவில்லாத எலி எப்படி இருக்கும்னு ஒப்பிட்டுப் பாக்கத்தான் அந்தக் கூண்டு."

வேம்பு அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். நோவில்லாத எலி எப்படி இருக்கும்? நன்றாகத்தான் இருக்கும். இதைக் கண்டுபிடிக்கவா அவள் தன் பெண்ணின் மாத்திரையைப் பிடுங்கிக் கடாசினாள்?

"மாத்திரையை நிறுத்திட்டீங்களா?" என்று தஹ்மீனா மெல்லக் கேட்டாள். வேம்பு தலையசைத்ததும், அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு காரை எடுத்தாள். டாக்டரிடம் வேம்புவே வாய்திறந்து சொன்னாள். எலி, பச்சை அட்டை, தண்ணீர் எல்லாவற்றையும். டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குப் பாரம் கொஞ்சம் இறங்கியிருக்கும். ஊசிகளை மாற்றிப் போட்டார்கள். அதற்குள் குடலில் ஓட்டை விழுந்துவிட்டிருந்தது. ஆபரேஷன் என்றார்கள்.

தள்ளுவண்டியில் ஏற்றும்போது நிலாவுக்கு நினைவு இருந்தது. அம்மாவின் விரலைத் தேடிப் பிடித்தாள்.

"அம்மா, தஹ்மீனா அக்காகிட்ட சொல்லும்மா. அவங்க மருந்து நல்ல மருந்துன்னு. எனக்குத்தான் லேட்டா கெடச்சிருக்கு. முன்னாடியே குடிச்சிருந்தா சரியாப் போயிருக்கும்."

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வேம்புவுக்கு வாய் வரை வந்தது. மகளின் காலைக் கட்டிக்கொண்டு கதறலாம். ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தில் அம்மாமேல் ஒரு துளி சந்தேகம் இல்லை. உள்ளே போகிற பிள்ளையிடம் போய் அதைப் பிடுங்குவதா?

"சொல்றேண்டி கண்ணு" என்றாள்.

"மறக்காம சொல்லு. மத்த பிள்ளைங்களுக்காவது சீக்கிரம் குடுக்கச் சொல்லு."

கதவு மூடிக்கொண்டது. ஆபரேஷன் முடிந்தும் நிலா கண் விழிக்கவில்லை. ரத்தமெல்லாம் விஷமாகிவிட்டது என்றார்கள். மறுநாள் பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்துபோனது.

காரியம் முடிந்த பிறகு தஹ்மீனா வீட்டுக்கு வந்தாள். தலையில் முக்காடு, கையில் ஒன்றுமில்லை. கூடத்தில் வேம்புவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, "முதல் நாளே நான் எல்லாத்தையும் விளக்கியிருக்கணும்க்கா. அலமாரியைக் காட்டி இதுங்களுக்கெல்லாம்னு சொன்னது நான்தான்" என்று தேம்பினாள். அண்ணாதுரை எழுந்து வெளியே போய்விட்டான். அவன் வேம்புவோடு பேசி நாளாயிற்று.

வேம்பு அவள் அழுது முடிக்கும் வரைக்கும் காத்திருந்தாள். பிறகு, பாடம் ஒப்பிக்கிற குழந்தைபோல நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

"நிலா உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னா மேடம். உங்க மருந்து நல்ல மருந்தாம். அவளுக்குத்தான் லேட்டா கெடச்சுதாம். மத்த பிள்ளைங்களுக்குச் சீக்கிரம் குடுக்கணுமாம்."

"அக்கா, அது..." என்று தஹ்மீனா ஆரம்பித்தாள்.

"எனக்குத் தெரியும் மேடம், அது தண்ணி" என்றாள் வேம்பு. "சொல்றேன்னு அவகிட்ட ஒத்துக்கிட்டேன்."