எடை குறைந்த ஃபில்டர்

லேப் மிஷின் காட்டிய காரீய அளவைப் பார்த்ததும் நுஸைபா பதறி மறுபடி சோதித்தாள். கூடினால்தானே பதற வேண்டும்? இது ஒன்றுமில்லாமல் குறைந்து கிடந்தது.

எட்டயபுரம் போகிற வழியில், கரிசல் காட்டுக்குள் ஒரு ஷெட். பழைய பேட்டரியை உருக்கிக் காரீயம் எடுக்கிறார்கள். அந்தத் தூசி பிள்ளைகளுக்கு விஷம் என்று ஊரே மனுக் கொடுத்து மூட வைத்தது. ஒரு நாள் ஓட்டிக் காட்டட்டும், காற்றை அளந்து பார்த்து முடிவு செய்வோம் என்றார்கள் அதிகாரிகள். ஷெட்டுக்குப் பக்கத்து வீட்டு வள்ளிமயிலின் மொட்டைமாடியில் காற்று இழுக்கும் மிஷின் வைத்து, நாள் முழுக்கக் காற்றை உறிஞ்சி எடுத்த ஃபில்டர் தாள்தான் இது. அளவு குறைவென்று ஐந்து மணிக்குள் ரிப்போர்ட் போனால், நாளைக்கே உலையை மூட்டிவிடுவார்கள்.

"கையெழுத்தப் போடும்மா. மணி நாலே முக்கால்" என்றார் லேப் மேனேஜர் பாண்டிராஜ்.

"எடையப் பாருங்க அண்ணாச்சி. போகும்போது இருந்ததவிடக் கொறஞ்சு வந்திருக்கு. ஒரு நாள் பூரா புழுதி தின்ன தாளு எளைக்குமா?"

"தராசுல கோளாறா இருக்கும்."

"தராசு மேல பழியப் போடாதீங்க. காலையிலதான் சரிபார்த்தேன்."

தாளை எடுத்துவந்த செல்வகணேஷைப் பிடித்து உலுக்கினாள். பைக் பஞ்சராகி நேரமாகிவிட்டதாம். தாளைக் கழற்றிக் கவரில் போட்டு வைக்கும்படி வள்ளிமயிலிடம் போனில் சொல்லிவிட்டானாம். நாசமாய்ப் போக! நுஸைபா உடனே அவளைக் கூப்பிட்டாள்.

"ஆமா மேடம், நாந்தான் எடுத்து வச்சேன். வெள்ளை வெளேர்னு குடுத்த தாளு, கருகருன்னு ஆயிப்போச்சு. அடுத்தவிய சாமான அழுக்கோடயா திருப்பிக் குடுப்பாவ? தட்டி, மெதுவாத் தொடச்சுத்தான் கவர்ல போட்டேன்."

நுஸைபா தலையில் அடித்துக்கொண்டாள். மரியாதை பார்க்கிறேன் என்று, இருந்த ஒரே சாட்சியையும் துடைத்துவிட்டாளே! 'மாதிரி கெட்டுவிட்டது, செல்லாது, மறுபடி அளக்க வேண்டும்' என்று ரிப்போர்ட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பாண்டிராஜ் முணுமுணுத்தார், ஆனால் தடுக்கவில்லை. இனி அந்தத் தாளைக் காட்டி யாரும் உலையை மூட்ட முடியாது. அப்போதுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

"தொடச்ச துணி இருக்காக்கா?" என்று, இன்னும் வைக்காத போனில் கேட்டாள். "அதையும் சோதிச்சுப் பாக்கணும்."

"இருக்கே. தாளு கிழிஞ்சிரக் கூடாதுன்னு, வீட்டுல இருக்கதுலயே மெத்துனு உள்ளதா எடுத்தேன். பாப்பா துணி."

"துவைச்சாச்சா?"

"துவைக்க இங்கன தண்ணி ஏது மேடம்? கொழாயில வந்து எட்டு நாளாச்சு. நல்லா ஒதறிட்டுத்தான் அவட்ட குடுத்தேன். அது வாயில இல்லாட்டா ஒறங்க மாட்டா. இந்தா, தொட்டில்ல சப்பிக்கிட்டுக் கெடக்கா."

"பிடுங்குக்கா! மொதல்ல அதப் பிடுங்கு!"

லேப் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. போனில் பிள்ளை வீரிட்டு அழுதது.