தாத்தாவுக்குப் பிடித்த கணக்கு

"கிருபை வீட்டுக் கருவாட்டுக் கொழம்பு சூப்பரா இருந்துச்சு தாத்தா" என்றாள் ஜெனிஸ்.

விளமீனில் முள் எடுத்துக்கொண்டிருந்த மனுவேலின் விரல்கள் அப்படியே நின்றன. ஒன்றாம் வகுப்புப் படிக்கும் பேத்தி பக்கத்து நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ரசம் ஊற்ற வந்த மருமகள் டெல்பின் கரண்டியைத் திரும்பப் பாத்திரத்திலேயே விட்டாள்.

"யாருளா கிருபை?"

"என் பெஞ்சு. என் சோத்த அவ தின்னா, அவ சோத்த நான் தின்னேன்."

"அவ அப்பா என்ன வேலை பாக்காரு?"

"நம்ம தெருவுல சாக்கடை அடைச்சா வருவாருல்லா, அந்த மாமாதான்!"

தனக்குத் தெரிந்த ஒருவர் தாத்தாவுக்கும் தெரிந்தவராக இருப்பதில் ஜெனிஸுக்கு அத்தனை பெருமை. மனுவேல் பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினார். வெகுநேரம் கழுவினார்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போனார். துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்டாக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த மேசைக்கு எந்தக் குரல் என்று அவருக்குத் தெரியும். தலைமையாசிரியை சிஸ்டரிடம் மெல்லிய குரலில், அந்தப் பிள்ளையை வேறு பெஞ்சுக்கு மாற்றச் சொன்னார்.

"ஆண்டவர் முன்னால எல்லாரும் ஒண்ணுதானங்க?" என்றார் சிஸ்டர்.

பிரசங்கத்தில் இதைக் கேட்கும்போதெல்லாம் மனுவேல் தலையாட்டி ஆமோதிப்பவர்தான். ஆனால் அது ஞாயிற்றுக்கிழமை. இது வெள்ளிக்கிழமை. அன்று மத்தியானமே பேத்தியும் பையும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

சாதி என்ற சொல்லை அந்த வீட்டில் யாரும் உச்சரிக்கவில்லை. மரியாதைப்பட்ட குடும்பம் அல்லவா? "ஹோம் ஸ்கூலிங்" என்றார் மனுவேல். "அமெரிக்காவுல பெரிய பெரிய ஆளுகள்லாம் இப்பம் பிள்ளையள வீட்ல வச்சுதான் படிக்க வைக்காவ." கப்பலில் எஞ்சினியராக இருக்கும் மகன் கிளைட்டன், "அப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும் டெல்பின்" என்று எங்கோ நடுக்கடலிலிருந்து குரல்பதிவு அனுப்பினான். குரல்பதிவில் ஒரு வசதி, குறுக்கே யாரும் பேச முடியாது.

தமிழையும் இங்கிலீஷையும் தாத்தாவே பார்த்துக்கொள்வார் என்று முடிவாயிற்று. கணக்குதான் உதைத்தது. "நல்ல பாடத்திட்டமாப் பாரு. தரமா இருக்கணும்" என்று அந்தப் பொறுப்பை மருமகளிடம் விட்டார். பி.காம். முடித்தவளை எந்த வேலைக்கும் அனுப்பாமல் வைத்திருந்த வீடு, முதல்முறையாக அவள் படிப்பை நினைவு வைத்துக்கொண்டது.

டெல்பின் செல்போனும் கையுமாக உட்கார்ந்தாள். அமெரிக்கப் பாடத்திட்டம் ஒன்றில் ஒரு வெள்ளைக்காரி சிரித்துச் சிரித்து, பனிமனிதன் சட்டையில் எத்தனை பொத்தான் என்று கேட்டாள். "பனிமனுசன் உருகிட்டா கணக்கு என்னாவும்மா?" என்று கேட்டாள் ஜெனிஸ். தூத்துக்குடி வெயிலில் அது நியாயமான சந்தேகம். அடுத்து வேத கணிதம். மனுவேல் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "வேதமா? நம்ம வேதமா, அவுக வேதமா?" என்றார். விசாரித்ததில் நம்முடையது இல்லை என்று தெரிந்தது. அதுவும் போயிற்று.

பக்கத்துத் தெருவிலேயே அபாகஸ் வகுப்பு நடந்தது.

"அங்கன யாரெல்லாம் வருவாவ?"

"பிள்ளைங்க வரும் மாமா."

"அதத்தாம்ளா கேக்கேன். யார் வீட்டுப் பிள்ளைங்க?"

அபாகஸும் அத்தோடு சரி.

இதற்கிடையில் ஜெனிஸ் மத்தியானச் சோற்றை டிபன் பாக்ஸில்தான் போட்டுத் தர வேண்டும் என்று அடம்பிடித்தாள். பாதியைத் தின்றுவிட்டு மீதியை மூடி வைத்துவிடுவாள். ஏன் என்று டெல்பின் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாளே என்று பயம்.

கடைசியில் பெங்களூரிலிருந்து ஒரு பெட்டி வந்தது. மர வில்லைகள், மணிகள், படம் நிறைந்த புத்தகம். முதல் பாடம் எளிது: வீட்டிலுள்ள பொருள்களை எடு, ஒரே மாதிரியானவற்றை ஒன்றாக வை, எந்த விதிப்படி பிரித்தாய் என்று சொல். ஜெனிஸுக்குப் பிடித்துவிட்டது. பொத்தான்களைப் பிரித்தாள், சிப்பிகளைப் பிரித்தாள், தாத்தாவின் பிரஷர் மாத்திரையையும் சுகர் மாத்திரையையும் பிரித்தாள். மனுவேலுக்கு உச்சி குளிர்ந்தது.

"இதுதாம்ளா கணக்கு! எது எது எங்கன இருக்கணும்னு சின்னதுலயே புரிய வைக்குது பாத்தியா!"

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் தேவாலயப் பங்குப் பேரவைச் செயலாளர் சவரிமுத்துவை வீட்டுக்கு அழைத்து வந்தார். சவரிமுத்துவின் பேரனும் அதே வகுப்புதான். ஹோம் ஸ்கூலிங் எப்படி நடக்கிறது என்று பார்க்க அவருக்கும் ஆசை. டெல்பின் காபி கொடுத்தாள். ஜெனிஸ் சமையலறையிலிருந்து எவர்சில்வர் டம்ளர்களை அள்ளிவந்து நடுவீட்டில் பரப்பினாள்.

"பெருசு ஒரு கூட்டம். சிறுசு ஒரு கூட்டம். விதி, அளவு!"

"அடி சக்கை!" என்றார் சவரிமுத்து.

கைதட்டலில் உற்சாகமாகிப் பிள்ளை கொல்லைப்புறம் ஓடினாள். துவைகல்லுக்கு மேலே ஜன்னல் விளிம்பில் கவிழ்த்திருந்த டம்ளரை எடுத்துவந்தாள். பெரிய டம்ளர்களோடு வைத்துப் பார்த்தாள். தள்ளி வைத்தாள். மறுபடியும் சேர்த்து வைத்தாள்.

"தாத்தா, இதுவும் எவர்சில்வர்தான். இதுவும் அதே உயரந்தான். இது மட்டும் எப்பவும் வெளிய இருக்கு. செல்வியக்கா இதுல மட்டுந்தான் குடிக்கா. இதுக்கு என்ன விதி?"

மனுவேல் சவரிமுத்துவைப் பார்த்தார். சவரிமுத்து தன் காபியைப் பார்த்தார். பிறகு விருந்தாளியின் கடமையாக, "அது வந்து பாப்பா, சுகாதாரம்" என்றார்.

வேலைக்காரி சுடலைச்செல்வி கொல்லைவாசலில் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நின்றாள். குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "எல்லா டம்ளரையும் நாந்தான் அண்ணாச்சி கழுவுதேன். ஒரே சோப்புதான்."

சவரிமுத்துவுக்கு அவசர வேலை ஒன்று ஞாபகம் வந்தது. அவர் செருப்பு மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கும்வரை காத்திருந்து மனுவேல் தீர்ப்புச் சொன்னார்: "இந்தப் பாடத்திட்டம் சரியில்ல. வேற பாரு."

"பாக்கேன் மாமா."

டெல்பின் குனிந்து டம்ளர்களைப் பொறுக்கினாள். கல்யாணமாகி வந்த புதிதில் அந்த டம்ளரைப் பற்றி அவளுக்கும் யாரும் சொல்லித்தரவில்லை. பார்த்தாள், கற்றுக்கொண்டாள், ஒருநாள்கூடப் பிசகாமல் அதில் காபி ஊற்றினாள். எந்தப் புத்தகமும் இல்லாமல் இவ்வளவு நன்றாக இந்த வீட்டில் அவள் கற்றது வேறெதுவும் இல்லை. எல்லாவற்றையும் ஒரே அலமாரியில் அடுக்கினாள். அடுக்கி முடித்தபின் எது எந்த டம்ளர் என்று அவளாலேயே சொல்ல முடியவில்லை.

அன்று சாயங்காலம் மனுவேல் காபி வேண்டாம் என்றுவிட்டார்.

திங்கட்கிழமை காலையில் ஜெனிஸ் யூனிஃபார்மில் இருந்தாள்.

"எங்களா போறிய ரெண்டு பேரும்?"

"வேற பாடத்திட்டம் பாக்கச் சொன்னியள்ளா மாமா. பாத்துட்டேன். பள்ளிக்கூடத்துல நல்லா சொல்லிக்குடுக்காவளாம்."

"கிளைட்டன்ட்ட கேட்டியா?"

"குரல்பதிவு போட்டிருக்கேன் மாமா" என்றாள் டெல்பின். பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

சிஸ்டர் அவர்களைப் பார்த்ததும் எழுந்தே விட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"நல்ல நேரத்துல வந்தீங்க. மாமாகிட்ட சொல்லிருங்க, இனிமே பிரச்சினையே இல்ல. நீங்க போனப்புறம் இன்னும் சில பேரன்ட்ஸ் வந்துட்டாங்க. எல்லாரும் ஹோம் ஸ்கூலிங்னு ஆரம்பிச்சா நாங்க என்ன பண்றது? அதனால சின்னதா ஒரு அட்ஜஸ்ட்மென்ட். அந்தப் பிள்ளைய கடைசி பெஞ்சுல தனியா... தனியான்னு இல்ல, ஜன்னலோரம், நல்லாக் காத்து வரும்."

டெல்பின் வகுப்பு வாசலில் போய் நின்றாள். நல்ல காற்றுதான். அந்த நீள பெஞ்சில் கிருபை ஒருத்தி மட்டும், பக்கத்தில் பையை ஆள்போல உட்கார வைத்துக்கொண்டு இருந்தாள்.

"அந்த பெஞ்சுல இன்னொரு பிள்ளைக்கு எடம் இருக்குல்லா சிஸ்டர்?"

"இடமெல்லாம் இருக்கு. ஆனா மாமா..."

ஜெனிஸ் அதற்குள் உள்ளே போய்விட்டாள். முன்பெஞ்சுகளிலிருந்து தலைகள் திரும்பின. கிருபை நிமிர்ந்து பார்த்தாள். பையை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, ஜன்னல் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள்.