முடிவுகள் மாநாட்டில் விவாதிக்கப்படும்

"வழி விடுங்க! பின்னால வண்டி வருதுல்லா!"

இசக்கிமுத்து மல்லாந்து படுத்தபடியே விசிலை ஊதினார். கட்டில் பறந்தது. தள்ளிக்கொண்டு ஓடியவர் டாக்டர் ஜெபசீலி. அவர் கக்கத்தில், மருத்துவ மாநாட்டில் வைக்கச் சுருட்டிய போஸ்டர். மணி அடிப்பதற்குள் அதைப் பலகையில் குத்தியாக வேண்டும். தவறினால் இசக்கிமுத்து அடுத்த மாநாடு வரை எழுந்திருக்க முடியாது.

சட்டம் அப்படி. போஸ்டரில் ஏறிவிட்ட நோயாளி, முடிவு விவாதிக்கப்படும் வரை போஸ்டரில் உள்ளபடியே இருக்க வேண்டும். போஸ்டரில் இசக்கிமுத்து படுத்திருந்தார்.

அவர் டவுன் பஸ் கண்டக்டர். ஒரு நாள் காலை, படியில் நின்று டிக்கெட் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு காலும் மரத்து, சரிந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றுதான் மாநாட்டுக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்பக் கடைசி நாள். ஜெபசீலி அவர் தலைமாட்டிலேயே உட்கார்ந்து தட்டச்சு செய்தார். என்ன நோய், என்ன மருந்து, எல்லாம் எழுதியாயிற்று. மருந்து இன்னும் ஏறவே ஆரம்பிக்கவில்லை. கடைசி வரியாக, முடிவுகள் மாநாட்டில் விவாதிக்கப்படும் என்று போட்டு அனுப்பினார். எல்லா டாக்டர்களும் அப்படித்தான் போடுவார்கள்.

அதன்பின் நான்கு மாநாடுகள் போய்விட்டன. ஒவ்வொன்றிலும் விவாதம் தொடங்கும் நேரத்தில் சாப்பாடு வந்துவிட்டது.

"டாக்டரம்மா, சின்னவ நடக்க ஆரம்பிச்சுட்டாளாம். வீட்ல சொன்னாவ."

"சந்தோஷம். நீங்க காலை ஆட்டாதீங்க."

"நான் எங்க ஆட்டுதேன்? அதுவா ஆடுது."

"போஸ்டர்ல ஆடல." ஜெபசீலி ஓடிக்கொண்டே போர்வையை இழுத்து மெத்தைக்கடியில் செருகினார். "முடிவு தெரியறதுக்கு முன்னால தரையில கால் வச்சீங்கன்னா, கால் போனது போனதுதான். சொல்லிட்டேன்."

இசக்கிமுத்து காலைக் கெட்டியாகப் பிடித்து வைத்துக்கொண்டார், காலாலேயே.

நடைவழி நீண்டது. சுவரில் வரவிருக்கும் மாநாடுகளின் பேனர்களைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு பேனர் கட்டினால், அந்த அகலத்துக்கு நடைவழியும் வளர்ந்தது. வலது நுரையீரல் மாநாடு. இடது நுரையீரல் மாநாடு. இரண்டு கோஷ்டிக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஒருவர் மூச்சை இழுக்கும்போது மற்றவர் வேண்டுமென்றே விட்டார். கல்லூரிகளுக்கிடையே ரத்தம் எடுக்கும் போட்டியும் நடந்தது. தோற்ற கல்லூரி வெளுத்துப்போய் சுவரோரம் சாய்ந்திருந்தது.

பதிவு மேசையில் ஒரு பெண் கையை நீட்டிக் கட்டிலை நிறுத்தினாள்.

"இவரு யாரு?"

"என் நோயாளி" என்றார் ஜெபசீலி.

"போஸ்டர்ல இருக்காரா?"

"இருக்காரு."

"அப்ப ஆளு இல்ல, டேட்டா. டேட்டாவுக்குச் சாப்பாட்டு டோக்கன் கிடையாது."

"ஏம்மா, நான் காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடல" என்றார் இசக்கிமுத்து.

அவள் ஜெபசீலியைப் பார்த்துச் சொன்னாள்: "டேட்டா பேசுது. அதுக்குத் தனியா அனுமதி வாங்கணும்."

அரங்கின் வாசலில் குத்துவிளக்கு. சிறப்பு விருந்தினர் நான்கு திரிகளை ஏற்றிவிட்டு, ஐந்தாவதன்முன் மெழுகுவர்த்தியோடு குனிந்தபடி நின்றார். போன வருடத்திலிருந்து அப்படியே நிற்கிறாராம். போட்டோக்காரர் "இன்னொருக்கா சார்" என்றுகொண்டே இருந்தார். அசையாமல் நின்றதால் எல்லோரும் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். இப்போது உள்ளே ஆள் இருக்கிறாரா என்று யாருக்கும் தெரியவில்லை. மெழுகுவர்த்தி பிடித்த கை மட்டும் வெளியே தெரிந்தது.

மணி அடிக்க வாயைத் திறந்தது. ஜெபசீலி போஸ்டரை விரித்துப் பலகையில் குத்தினார். மணி வாயை மூடிக்கொண்டது.

இசக்கிமுத்து தலையைத் திருப்பிப் பார்த்தார். போஸ்டரில் அவர் படம், கண்ணில் கறுப்புப் பட்டையோடு. உடனே அவருக்குக் கண் மங்கலாகத் தெரிந்தது. 'முடிவுகள்' என்ற கடைசிக் கட்டத்தின்மேல் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது.

பக்கத்துப் பலகைக்கடியில் ஒருவர் தும்மிக்கொண்டிருந்தார். அவர் போஸ்டரில் தும்மல்.

"உமக்கு எத்தனாவது மாநாடுவே?"

"அஞ்சாவது."

"பொடிப்பய. எனக்குப் பதினொண்ணு. பரிசு எனக்குத்தான். நீரு பேசாமக் கெடயும்." சொல்லிவிட்டு வேண்டுமென்றே இவர் பக்கம் திரும்பித் தும்மினார்.

நடுவர் வந்தார். பேராசிரியர் தாணுமூர்த்தி. ஸ்டெதஸ்கோப்பைப் போஸ்டரின்மேல் வைத்துக் கேட்டார். தட்டிப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். போஸ்டர் நீட்டவில்லை.

"நோயாளி இங்கயே இருக்காரு சார். பாக்கறீங்களா?" என்றார் ஜெபசீலி.

"வேண்டாம். பாத்தா போஸ்டரோட முரண்படுவாரு."

"சார், கொஞ்சம் விவாதிச்சு விட்டிருங்க சார்" என்றார் இசக்கிமுத்து. "என் வண்டியில எவனோ பையை மாட்டிக்கிட்டுத் திரியுதான். எம்புள்ள நடக்கா. நான் அதைப் போயிப் பாக்கணும். இந்தக் கால் வருமா, வராதா? ஒரு வார்த்தை."

நடுவர் காதில் வாங்கவில்லை. வெள்ளைத் தாளின் ஒரு ஓரத்தை நகத்தால் தூக்கி, கண்ணை இடுக்கி உள்ளே படித்தார். முதல் முறையாகச் சிரித்தார்.

"பிரமாதம். முதல் பரிசு."

பொன்னாடையை எடுத்துப் போஸ்டருக்குப் போர்த்தினார். ஜெபசீலி கும்பிட்டார்.

"விவாதம் முடிஞ்சுதா சார்?" என்றார் இசக்கிமுத்து.

"சாப்பாடு வந்தாச்சு" என்றார் நடுவர். ஜெபசீலியின் பக்கம் குனிந்தார். "அடுத்து டெல்லி. இதே நிலையில கொண்டாங்க. இதையும் மூடியே வைங்க. தாள் பழசாயிட்டு, புதுசா ஒட்டுங்க."

அவர் போய்விட்டார். தும்மல்காரர் கோபத்தில் தும்மலை நிறுத்தினார். ஒரு காவலர் ஓடிவந்து அவர் மூக்கில் பொடி வைத்தார்.

ஜெபசீலி பொன்னாடையை விலக்கிப் பழைய தாளைக் கிழித்தார். புதுத் தாளுக்காகத் திரும்பிப் பையைத் துழாவினார். அவ்வளவு நேரம்தான்.

இசக்கிமுத்து கண்டக்டர். விளக்கெரியாத பஸ்ஸில், ஆள்மேல் ஆள் நிற்க, கைக்குள் மடித்துப் பிடித்த பழைய டிக்கெட்டைப் படித்துவிடும் கண் அது. கறுப்புப் பட்டையையும் தாண்டிப் படித்தது. அவர் சத்தமாகவே வாசித்தார்.

"அனுமதிக்கப்பட்ட மூன்றாம் நாள் காலை நோயாளி பூரண குணம். நடக்கத் தடையில்லை. நோயாளியிடம் சொல்லப்படவில்லை."