தபோதரனின் ஜன்னலிலிருந்து தெரியும் கடை

அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்துக்கு நான் போனதில்லை. பிராங்பேர்ட் விமான நிலையத்தில் இருபத்தாறு வருடமாகப் பெட்டி ஏற்றுகிறேன், பெட்டிகள் போயிருக்கும். ஆனாலும் அந்த ஊரில் எங்கே பாபிக்யூ சாப்பிடலாம் என்று கேட்பவர்கள் என்னிடம் கேட்கட்டும். ஒரு மாதமாகக் கணினியில் அந்தத் தெருக்களிலேயே குடியிருந்தவன் நான்.

மகள் மிதுசா வேலை அலுவலாக மூன்று நாள் அங்கே போனாள். ஒரேயொரு மத்தியானம்தான் ஓய்வு.

"அப்பா, அங்க புகையில வாட்டின விலாவெலும்புதான் விசேசமாம். நல்ல கடை ஒண்டு பார்த்துச் சொல்லுங்கோ."

வேறு தகப்பன் என்றால், "அங்க சொந்தக்காரர் இருக்கினம், கடையில சாப்பிட்டால் குறை நினைப்பினம்" என்றிருப்பான். எங்கள் ஆட்களிடையே, சொந்தம் இருக்கிற ஊரில் கடைச் சாப்பாடு சாப்பிடுவது முகத்தில் துப்புவதற்குச் சமம். அதனால்தான் நான் கடையில் சாப்பிடச் சொன்னேன்.

அங்கே இருப்பது தபோதரன், என் சித்தப்பா மகன். பன்னிரண்டு வருடத்துக்கு முன் கொழும்புக்குப் போகும் வழியில் பிராங்பேர்ட்டில் ஆறு மணித்தியாலம் நின்றான். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாமி ஒருத்தி சொல்லித்தான் தெரியும். நானும் மனைவி சந்திரகாந்தியும் இடியப்பமும் நண்டுக் கறியும் கட்டிக்கொண்டு விமான நிலையத்தில் கால் கடுக்க நின்றோம். ஆள் வரவேயில்லை. மறுநாள் பேஸ்புக்கில் படம்: துரை சொசேஜ் தின்கிறார். பின்னால் எங்கள் ரயில் நிலையத்துச் சிவப்புக் குடைக் கடை! எங்கள் வாசலிலிருந்து நூறு அடி. அவ்வளவு தூரம் வந்தவன், தின்றுவிட்டு, வீட்டை எட்டிப் பார்க்காமல் போயிருக்கிறான். அன்றோடு பேச்சை விட்டேன்.

ஆகவே நான் ருசி பார்த்துக் கடை தேடவில்லை. ருசி யாருக்கு வேண்டும்? மாமியிடம் விலாசம் வாங்கி, தபோதரன் வீட்டு ஜன்னலிலிருந்து எத்தனை மீற்றர் என்று அளந்தேன். எல்லோரும் ஐந்து நட்சத்திரம் போட்ட பெயர்போன கடை இரண்டு கிலோமீற்றர் தள்ளி, அது சரிவராது. இன்னொன்று கிட்டத்தான், ஆனால் முன்னால் ஒரு மரம். இலை உதிர்ந்திருக்குமோ என்று பார்த்தால் மிதுசா போவது யூன் மாதம். கடைசியில் அகப்பட்டது ஒன்று, நேர் எதிரே. இரண்டரை நட்சத்திரம். 'செருப்புத் தோல்' என்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்குப் பரம திருப்தி. மிதுசா அங்கே போகும் நாளையும் மாமி காதில் போட்டு வைத்தேன்; மாமிக்குத் தெரிந்தால் அவனுக்கும் தெரியும்.

"கண்ணாடிக்குப் பக்கத்து மேசையில இரு பிள்ளை. தெருவைப் பார்த்து, ஆறுதலாச் சாப்பிடு."

"அப்பா, இதுக்கு ரெண்டரை நட்சத்திரம்."

"அவையளுக்கு என்ன தெரியும்!"

"உங்களுக்கு விசர் பிடிச்சிட்டுது" என்றாள் சந்திரகாந்தி.

அங்கே மத்தியானம், இங்கே பின்னேரம் ஏழு மணி. சேட்டுப் போட்டு, தலை வாரி இழுத்து, போனுக்கு முன்னால் உட்கார்ந்தேன். மிதுசா வீடியோவில் வந்தாள். "தட்டு வந்திட்டுது அப்பா."

"தூக்கிக் காட்டு! எனக்கில்லை, தெருவுக்குக் காட்டு!"

பிள்ளை ஒரு கையால் போனையும் மறு கையால் எலும்பையும் கண்ணாடிப் பக்கம் பிடித்தாள். எதிர்வீட்டுத் திரை அசைந்தது. கதவு திறந்தது. கார்கள் கத்தக் கத்த, இடுப்பில் கட்டிய சாரத்தைத் தூக்கிப் பிடித்தபடி ஒருவன் தெருவைக் கடந்து ஓடிவந்தான்.

வந்த வேகத்தில் எலும்பைப் பறித்துத் தட்டில் போட்டான். "பெரியம்மான்ர மூஞ்சி அப்பிடியே கிடக்கு! மகேந்திரண்ணையின்ர பிள்ளைதானே நீ? எதிரில என்ர வீடு இருக்க, உனக்கு இந்தக் குப்பைக் கடை கேக்குதோ?"

"இப்ப சுடுதோ?" என்று போனுக்குள்ளிருந்து கத்தினேன். "அண்டைக்குச் சொசேஜ் நல்லா இருந்ததோடா?"

தபோதரன் போனை வாங்கினான். தாடி நரைத்திருந்தது.

"அண்ணை, அண்டைக்கு நான் உங்கட கதவடியில ஒரு மணித்தியாலம் நிண்டனான். சொல்லாமல் வந்து உங்களைத் திகைக்க வைப்பம் எண்டு நினைச்சன். மணி அடிச்சன். பக்கத்து வீட்டு ஆளிட்ட போன் வாங்கி உங்களுக்கு எடுத்தன். உள்ள உங்கட போன் அடிக்கிறது கேட்டது. ஒருத்தரும் திறக்கேல்ல. ஒளிச்சிருக்கிறியள் எண்டு நினைச்சன். பசி தாங்கேலாமல் அந்தக் கடையில திண்டன். நீங்கள் பாக்கவேணும் எண்டுதான் படமும் போட்டன்."

சந்திரகாந்தி என்னைப் பார்த்தாள். அன்று அவசரத்தில் போனை மேசையில் விட்டுப்போயிருந்தேன். திரும்பி வந்தபோது தெரியாத நம்பரில் பதினொரு அழைப்பு. காப்புறுதி விற்கிறவன் என்று அழித்தவன் நான்தான்.

இடையில் அவன் தாய் செத்தபோதுகூட நான் கதைக்கவில்லை.

"நீங்கள் எங்க நிண்டனியள்?" என்றான்.

"எயாப்போட்டில. உன்னைப் பார்த்துக்கொண்டு. நண்டுக் கறியோட."

அவன் சாரத்தைத் தூக்கி முகத்தைத் துடைத்தான். கடைக்காரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நான் இதைச் சாப்பிடலாமோ?" என்றாள் மிதுசா.

"வேண்டாம்!" என்றோம் இருவரும்.

"வீட்டில புட்டு இருக்கு" என்று அவளை எழுப்பினான் தபோதரன். பிறகு என்னிடம் மெல்லச் சொன்னான்: "டிசம்பரில கொழும்புக்குப் போறன் அண்ணை. பிராங்பேர்ட்டில ஆறு மணித்தியாலம்."

"வெளியால வந்த இடத்திலயே நில்லடா" என்றேன். "ஒரு அடியும் எடுத்து வைக்காதை. நான் வந்து கூட்டிக்கொண்டு போறன்."