ஏழு பத்துக்குக் கேட்பவர்

மேடைகளில் என்னை 'சுயாதீன இசைக்கலைஞர்' என்று அறிமுகப்படுத்துவார்கள். எந்தக் கம்பெனியும் என்னைச் சீந்தவில்லை என்பதை அவ்வளவு மரியாதையாகச் சொல்கிறார்கள். பகலில் எனக்குக் காது மருத்துவமனையில் வேலை. சத்தம் புகாத ஒரு சின்ன அறைக்குள் ஆட்களை உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டிவிட்டு, "சத்தம் கேட்டா பட்டனை அமுக்குங்க" என்பேன். மதியம் டாக்டரம்மா சாப்பிடப் போனதும் நானே உள்ளே புகுந்து, கதவைச் சாத்திக்கொண்டு பாடுவேன். என் பாட்டுகள் எல்லாம் அங்கே பதிவானவைதான். 'தேசத்தைத் தட்டி எழுப்பும் குரல்' என்று ஒருவர் விமர்சனம் எழுதினார். அந்தக் குரல் பக்கத்து அறை நர்ஸுக்குக்கூடக் கேட்டதில்லை.

அப்படிப் பதிவான ஒன்றுதான் 'இன்னும் எத்தனை நாள்'. அதை யாருக்காக எழுதினேன் என்று எனக்குத் தெரியும். எங்கள் குழுவில் என்னோடு சேர்ந்து பாடியவள். சுருதி இம்மியும் பிசகாது என்பதால் அவளுக்குச் 'சுருதிப்பெட்டி' என்று பட்டப்பெயர். வேலை கிடைத்து எட்டு மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கும் ஓர் ஊருக்குப் போய்விட்டாள். சொல்ல வேண்டியதை அவள் இருந்தபோது சொல்லத் துப்பில்லாமல், போன பிறகு ராகம் போட்டுச் சொன்னேன். ஒரு பேட்டியில் இதைப் பற்றிக் கேட்டார்கள். உண்மையைச் சொல்ல வெட்கப்பட்டு, "எளிய மக்களின் முடிவில்லாத காத்திருப்பு" என்று எடுத்துவிட்டேன். பேட்டி கண்டவர் கண் கலங்கினார். நானும் கொஞ்சம் கலங்கினேன்.

பாட்டை ஏற்றிய தளத்தில் எந்த ஊரில், எத்தனை மணிக்கு, எத்தனை பேர் கேட்டார்கள் என்று ஒரு பக்கம் காட்டும். என் பாட்டுக்கு அதில் பெரிதாக எண் எதுவும் ஏறாது. ஆனால் அவள் ஊரில் மட்டும், தினமும் காலை ஏழு பத்துக்கு, ஒருவர் கேட்டார். ஞாயிறு, விடுமுறை என்ற பேச்சே கிடையாது. இரண்டு வருஷம். அந்த 'ஒன்று' என்ற எண்ணைப் பார்த்த பிறகுதான் நான் பல் துலக்கப் போவேன். காய்ச்சலில் கிடந்த நாளிலும் பார்த்தேன். அது அவளேதான் என்பதில் எனக்குச் சந்தேகம் வந்ததே இல்லை.

"ஒரு போன் போட்டுக் கேளேன்டா. நம்பர் இருக்குல்ல?" என்பாள் அக்கா. அக்கா வீட்டில்தான் இருக்கிறேன்.

"எதுக்குக்கா? தினமும்தான் பேசிக்கிறோமே."

"நீ பாடற, அங்க ஒண்ணுன்னு காட்டுது. இதுக்குப் பேரு பேச்சா?"

தேர்தல் வந்தது. ஒரு சனிக்கிழமை காலை கட்சிக்காரர் ஒருவர் வீடு தேடி வந்தார். பேட்டியைப் படித்திருந்தார்.

"தம்பி, மக்களோட ஏக்கத்தைப் புழிஞ்சு கொடுத்திருக்கீங்க. ஊர் ஊரா வண்டியில போடப் போறோம். ஒரே ஒரு மாத்தம். 'நீ எப்ப வருவ'ன்னு வர்ற இடத்துல 'தலைவர் எப்ப வருவார்'னு போட்டுடுங்க."

"தாளம் இடிக்குமே."

"தலைவருக்காக இடிக்கட்டும் தம்பி."

அவர் சொன்ன ஊர்களின் பட்டியலில் அவள் ஊரும் இருந்தது. வண்டி வண்டியாகப் பாட்டு போனால் அங்கே ஆயிரம் பேர் தளத்தில் தேடிக் கேட்பார்கள். ஆயிரத்தில் என் ஒன்றை நான் எங்கே தேடுவேன்? முடியாது என்று சொல்லிவிட்டேன். கொள்கை, கத்தரிக்காய் எதுவும் இல்லை. அந்த ஒன்று தொலைந்துவிடுமே என்ற பயம், அவ்வளவுதான்.

காபி கொண்டுவந்த அக்காவுக்கு அது வேறு மாதிரிக் கேட்டிருக்கிறது. அவர் படி இறங்குவதற்குள் குடியிருப்புக்காரர்களின் வாட்ஸப் குழுவில், தண்ணீர் மோட்டார் புகாருக்குக் கீழே, 'என் தம்பி கட்சிக்குப் பாட்டுத் தர மாட்டேன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டான்' என்று போட்டுவிட்டாள். சாயங்காலத்துக்குள் அது எதிர்க்கட்சிக்காரர்கள் கையில் இருந்தது. 'தலைவணங்காக் கலைஞன்' என்று என் படத்தைப் போட்டு, கீழே என் பாட்டையும் போட்டார்கள். அவர்கள் என்னிடம் கேட்கக்கூட இல்லை. மூன்று நாளில் நாற்பதாயிரம் பேர். அவள் ஊரில் மட்டும் அறுநூற்றுச் சொச்சம்.

டாக்டரம்மா கைகொடுத்தார். "இவ்வளவு தைரியசாலின்னு தெரியாமப் போச்சே. எங்க வெச்சுப் பாடுனீங்க?"

"ஒரு அமைதியான இடத்துல மேடம்."

நான்காம் நாள் சுருதிப்பெட்டியிடமிருந்து செய்தி வந்தது.

'டேய், நீ இன்னும் பாடிட்டு இருக்கியா? ஆபீஸ்ல யாரோ போட்டாங்க, குரலைக் கேட்டதும் தூக்கிவாரிப் போட்டுச்சு. இப்பதான் முதல் தடவை கேக்கறேன். நல்லா இருக்குடா. சரணத்துல மட்டும் இன்னும் சீக்கிரமே மூச்சு எடுத்துடற.'

முதல் தடவை. அந்த இரண்டு வார்த்தைகளைத் திரும்பத் திரும்பப் படித்தேன். 'ரெண்டு வருஷமா நீதான் கேக்கறேன்னு நினைச்சிட்டு இருந்தேன்' என்று தட்டினேன். அழித்தேன். 'தேங்க்ஸ். மூச்சைச் சரி பண்றேன்' என்று அனுப்பினேன். சிரிக்கிற பொம்மை ஒன்று பதிலாக வந்தது. அவளை நினைத்து ஏங்கலாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் மனசு வேறு பக்கம் ஓடியது.

"அப்ப அது யாருக்கா? தினமும் ஏழு பத்துக்கு?"

"எவனாவது அலாரமா வெச்சிருப்பான்."

"அலாரமா வைக்கறதுக்கும் கொஞ்சமாவது பிடிச்சிருக்கணும்ல?"

அக்கா என் தட்டில் இன்னொரு தோசையைப் போட்டாள்.

பாட்டைத் தளத்திலிருந்து எடுத்துவிட்டால் கூட்டம் கலையும். எடுக்க விரலைக் கொண்டுபோனேன். அப்புறம், நாளைக்கு ஒருவர் கண் விழித்து, அதே இடத்தில் தேடி, இல்லை என்று பார்ப்பாரே என்று தோன்றியது. விட்டுவிட்டேன்.

மறுநாள் ஏழு பத்துக்குப் பக்கத்தைத் திறந்தேன். அந்த ஊரில் முப்பத்தொன்று என்று காட்டியது. முப்பது பேர் என் தைரியத்தைக் கேட்கிறார்கள். ஒருவர் என்னைக் கேட்கிறார். ஆணா, பெண்ணா, கிழவரா, தாடியை மழித்துக்கொண்டிருக்கிறாரா, பிள்ளைக்குத் தலை வாரிக்கொண்டிருக்கிறாரா, எதுவும் தெரியாது. இரண்டு வருஷம் தினமும் வந்தவரை நான் ஒருநாளும் யாரென்று கேட்டதில்லை. வேறொருத்தியின் பெயரை அவர்மேல் ஒட்டி வைத்திருந்தேன்.

"இன்னும் எவ்வளவு நேரம்டா? குளிக்கப் போறியா இல்லையா?" என்றாள் அக்கா.

"இரு அக்கா, அங்க பாட்டு இன்னும் முடியல" என்றேன்.